கோடி கோடி சூரியன்களை நிறுக்கும் கோல்



நமக்கு ஊர் என்றால் இரண்டு. பிறந்தது பாலக்காட்டு மாவட்டத்தின் கிழக்கோரத்தில், கொழிஞ்சாம்பாறைக்கு அப்பால், தமிழும் மலையாளமும் ஒரே திண்ணையில் அமர்ந்து பேசும் ஒரு சிற்றூர். பள்ளி விடுமுறையெல்லாம் கழிந்தது இடுக்கி மாவட்டத்தில், வண்டன்மேட்டுப் பக்கத்து ஏலமலையில். அங்கே எமது தாய்மாமன் ஒரு தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தார். இப்போது ஓய்வு பெற்று அதே மலையிலே சிறு வீடொன்றில் வசிக்கிறார். டில்லியில் மைய அரசின் மொழிபெயர்ப்பாளராகக் காலங்கழிக்கும் நாம், விடுப்பு வாய்க்கும்போதெல்லாம் இவ்விரு ஊர்களையும் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் திரும்புவது வழக்கம்.

சென்ற தை மாதம் ஓர் இரவு மாமாவின் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்திருந்தோம். மின்சாரம் நின்றுவிட்டது. டில்லியில் மின்சாரம் நின்றால் புழுக்கம் தெரியும். ஏலமலையில் நின்றால் வானம் தெரியும். மாமா அண்ணாந்து பார்த்தவாறே, "மாப்பிள்ளை, நட்சத்திரக் கூட்டங்களின் எடையைப் பற்றி நீ ஏதோ தமிழாக்கினாயாமே! அதை எந்தத் தராசில் வைத்து நிறுக்கிறார்கள்?" என்று கேட்டார்.

உண்மைதான். சில திங்கள்களுக்கு முன்னர் அப்படி ஒரு கட்டுரையைத் தமிழாக்கியிருந்தோம். வாக்கியம் பிழையின்றி அமைந்தது. பொருள் மட்டும் நமக்கு விளங்கவில்லை. மொழிபெயர்ப்புத் தொழிலில் இஃது அபூர்வமன்று. ஆனால், வாழ்நாள் முழுவதும் தராசும் கையுமாக இருந்த மனிதர் கேட்கும்போது வாக்கியத்தைச் சொல்லித் தப்ப முடியாது. அன்றிரவு மழுப்பினோம். டில்லிக்குத் திரும்பியபின் நூல்களைத் தேடிப் படித்து, மாமாவுக்கு நீண்டதொரு கடிதம் எழுதினோம். இன்றைய பேச்சு பெரும்பாலும் அக்கடிதமே.

முதலில் சொல்லைத் தெளிவாக்கிக் கொள்வோம். எடை என்பது பூமி ஒரு பொருளை இழுக்கும் அளவு. நிறை என்பது அப்பொருளுக்குள் அடங்கிய பொருண்மையின் அளவு. வானத்தில் நமக்கு வேண்டியது நிறை. நல்ல வேளையாக, தராசுக்கு நம் முன்னோர் இட்ட பெயர்களுள் ஒன்று 'நிறைகோல்'. ஆகவே மாமா தராசைப் பற்றிக் கேட்டது தவறாகாது.

நமது சூரியனைப் போன்ற பல்லாயிரங்கோடி விண்மீன்கள் சேர்ந்தது ஓர் உடுமண்டலம். நாம் பால்வீதி என்பது அவற்றுள் ஒன்று. இத்தகைய உடுமண்டலங்கள் நூற்றுக்கணக்கில், சில இடங்களில் ஆயிரத்துக்கும் மேலாக, ஈர்ப்பினால் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு கூடியிருப்பதே கொத்து. பெரிய கொத்து ஒன்றின் நிறை சூரியனைப்போல் நூறு இலட்சங்கோடி மடங்கு முதல் அதைப்போல் பத்து மடங்குவரை இருக்கும். நூறு இலட்சங்கோடி என்பது கோடியைக் கோடியால் பெருக்கினால் வரும் எண். 'கோடி கோடி' என்று நாம் வாய்க்கு வந்தபடி சொல்கிறோமே, இங்கே அது கணக்குப் பிசகாத சொல்.

இதை ஒளியைக் கொண்டு மதிப்பிடலாகாதோ? எத்தனை விண்மீன்கள் ஒளிர்கின்றன என்று பார்த்து, அதற்கேற்ற நிறையைச் சொல்லிவிடலாமே! ஏலக்காய் வியாபாரம் அறிந்தவர் இதற்கு ஒப்பமாட்டார். பருமனும் நிறமும் ஒன்றாகத் தோன்றும் இரு குவியல்களை லிட்டர் படியில் அளந்து நிறுத்தால் ஒன்று கனக்கும், மற்றொன்று தேறாது. அதனால்தான் ஏலத்தில் லிட்டர் எடை கேட்கிறார்கள். கண் சொல்வது ஒன்று, கோல் சொல்வது மற்றொன்று.

வானத்திலும் அவ்வாறே நிகழ்ந்தது. அமெரிக்காவில் கலிபோர்னியாவில் பணியாற்றிய ஸ்விட்சர்லாந்து விஞ்ஞானி ஃபிரிட்ஸ் ஸ்விக்கி, சுமார் 32 கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பாலுள்ள கோமா கொத்தை ஆராய்ந்தார். அதிலுள்ள மண்டலங்கள் ஓடும் வேகத்தைப் பார்த்தால், கண்ணுக்குத் தெரியும் பொருளின் ஈர்ப்பு அவற்றைக் கட்டிவைக்கப் போதாது. கொத்து எப்போதோ சிதறியிருக்க வேண்டும். அப்படியாயின் ஒளி வீசாத பொருள் ஏதோ அங்கே மிகுதியாக இருக்கிறது என்று 1933இல் எழுதினார். ஒளிகொண்டு மதிப்பிட்டதைவிடப் பல நூறு மடங்கு என்பது அவர் கண்ட கணக்கு. தொலைவின் அளவுகள் திருந்தியபின் அம்மடங்கு குறைந்தது. குறை மட்டும் நிரம்பவில்லை. அந்தக் கரும்பொருள் இன்னதென்று இன்றும் ஒருவரும் அறியார்.

இனித் தராசுக்கு வருவோம். ஒளியும் ஈர்ப்பினால் வளையும் என்றும், சூரியனின் விளிம்பை உராய்ந்து வரும் கதிர் 1.75 விகலை அளவு திசை மாறும் என்றும் ஐன்ஸ்டைன் கணக்கிட்டிருந்தார். இரண்டு கிலோமீட்டர் தொலைவில் ஒரு விரலின் அகலம் எவ்வளவு தோன்றுமோ அவ்வளவுதான் இக்கோணம். 1919ஆம் ஆண்டுச் சூரிய கிரகணத்தின்போது ஆங்கிலேய வானநூலார் இதனை அளந்து உலகப்புகழ் பெற்றனர். எல்லோரும் அறிந்த செய்தி இது. அதிகம் பேர் அறியாத செய்தி ஒன்று நம் மலைகளுக்கு அருகிலேயே இருக்கிறது.

வண்டன்மேட்டிலிருந்து வடகிழக்கே, கம்பம் பள்ளத்தாக்குக்கு அப்பால் தெரிவது பழனிமலைத் தொடர். அதன்மேல் கொடைக்கானலில் 1899 முதல் சூரிய ஆய்வகம் ஒன்று இயங்கி வருகிறது. சூரியப் புள்ளிகளில் வாயு ஆரம்போல் வெளிநோக்கிப் பாய்வதை 1909இல் அங்கிருந்து கண்டறிந்தவர் ஜான் எவர்ஷெட். அவரும் அவருடைய துணைவியார் மேரியும் 1922 செப்டம்பர் 21ஆம் நாள் நிகழ்ந்த கிரகணத்தில் ஒளியின் வளைவை அளக்கும் பொருட்டு, மேற்கு ஆஸ்திரேலியாவின் கடற்கரையிலுள்ள வாலல் என்ற ஆளரவமற்ற இடத்துக்குக் கருவிகளைச் சுமந்து சென்றனர். கருவியில் நேர்ந்த இடையூறுகளால் அவர்களுக்குப் பயன்படத்தக்க அளவு கிட்டவில்லை. அதே கடற்கரையில் இறங்கியிருந்த லிக் ஆய்வகத்துக் காம்பெல் குழுவினரின் தகடுகள் நன்கு அமைந்தன. ஐன்ஸ்டைன் சொன்ன அளவே கிடைத்தது. கொடைக்கானல் குழுவினர் வெறுங்கையுடன் திரும்பினர் என்பதற்காக அப்பயணத்தை மறந்துவிட நமக்கு மனமில்லை. ஒளியின் வளைவைத் தேடி நம் பக்கத்து மலையிலிருந்து கடல் கடந்து போனவர்கள் இருந்தார்கள்.

ஒளியை வளைக்கும் எதுவும் ஒருவகையில் வில்லைதான். கண்ணாடித் தம்ளரின் தடித்த அடிப்பாகத்தின் வழியாக விளக்குச் சுடரைப் பாருங்கள். சுடர் நீண்டு, பிறை போலவும், சில வேளை வளையம் போலவும் தோன்றும். ஒரு விண்மீன் தனக்குப் பின்னுள்ள விண்மீனின் ஒளியை இவ்வாறு குவிக்கக்கூடும் என்று ஐன்ஸ்டைனே 1936இல் எழுதினார். ஆனால் அதனைக் காணும் வாய்ப்பு இல்லை என்று கைவிட்டார். மறு ஆண்டே ஸ்விக்கி மறுத்துரைத்தார்: தனி விண்மீனைப் பார்ப்பானேன்? உடுமண்டலங்களைப் பாருங்கள், கொத்துகளைப் பாருங்கள். அவை பெரிய வில்லைகள். வளைவை அளந்தால் நிறையே கிடைத்துவிடும் என்பது அவர் கருத்து. இந்த விஷயத்தில் ஐன்ஸ்டைனைவிட ஸ்விக்கியே தொலைநோக்கினர் என்பது நம் எண்ணம். 1979இல் முதல் ஈர்ப்புவில்லை கண்டறியப்பட்டது. 1980களின் பிற்பகுதியில், கொத்துகளின் நடுவே பின்னாலுள்ள மண்டலங்களின் உருவம் பெரும் விற்களாக நீண்டு கிடப்பதையும் கண்டனர்.

ஆனால் அத்தகைய பெரும் விற்கள் கொத்தின் நடுப்பகுதியில் மட்டுமே உண்டாகும். அவையும் எல்லாக் கொத்துகளிலும் வாய்ப்பதில்லை. கொத்தின் நிறையிற் பெரும்பகுதி வெளிப்புறத்தே பரந்து கிடக்கிறது. அங்கே வளைவு மிக மெல்லியது. பின்னாலிருக்கும் மண்டலத்தின் உருவம் நூற்றுக்குச் சில பங்கு மட்டுமே நீளும். அதிலும் ஓர் இடர்: உடுமண்டலம் எதுவும் இயல்பாக வட்டமாக இருப்பதில்லை. ஒன்று முட்டை வடிவம்; ஒன்று தட்டையாகச் சாய்ந்தது. நீண்டு தெரிகிறதே, இது பிறவி நீட்சியா, ஈர்ப்பு இழுத்த நீட்சியா என்று ஒன்றைப் பார்த்து எவராலும் சொல்ல இயலாது.

இவ்விடத்தில் நமக்குக் கைகொடுத்தது பிறந்த ஊர். ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே மேல்காற்று இரைந்துகொண்டு கிழக்கே போகும். வாளையாற்றுப் பக்கம் ரயிலில் வருகிறவர்கள் தென்னந்தோப்புகளைப் பார்த்திருப்பீர்கள். ஒரு தென்னை தனியாகக் கிழக்கே சாய்ந்திருந்தால் அதற்கு நூறு காரணம் இருக்கலாம். நட்டவன் கை கோணலாக இருந்திருக்கலாம், வாய்க்கால் கரை இடிந்திருக்கலாம். மேற்கே சாய்ந்த மரமும் அதே தோப்பில் உண்டு. ஆனால் ஆயிரம் மரங்களின் சாய்வை எழுதிக் கூட்டிச் சராசரி பார்த்தால், தனித்தனிக் கோணல்கள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். எஞ்சுவது காற்று ஒன்றே. காற்றுக்குச் சாட்சி மரமன்று, தோப்பு.

கணக்கும் எளிதே. ஒரு மண்டலத்தின் பிறவிக் கோணலை நூற்றுக்கு 30 என்று வைத்துக்கொள்வோம். 100 மண்டலங்களைச் சராசரி பார்த்தால் அந்தக் குழப்பம் நூற்றுக்கு 3 ஆகக் குறையும். 900 மண்டலங்களுக்கு நூற்றுக்கு 1. எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுபடும் என்பது விதி. ஆகவே ஒரு கொத்தை நிறுக்க, அதற்குப் பின்னால் மங்கிக் கிடக்கும் மண்டலங்கள் ஆயிரக்கணக்கில் வேண்டும்.

தென்னை உவமைக்கும் ஓர் எல்லை உண்டு. காற்று எல்லா மரங்களையும் ஒரே திசையில் தள்ளும். கொத்தோ தன்னைச் சுற்றி வட்டமாக இழைக்கும். இதற்குச் சித்தூர்ப் பக்கத்து நெற்களமே பொருத்தம். நடுவில் முளையடித்து, மாடுகளைப் பிணைத்துச் சுற்றவிட்டுப் போரடித்த களத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: தாறுமாறாக உதறிய தாள்களுங்கூட, மாடு சுற்றச்சுற்ற, முளையைச் சுற்றி வளையமாகப் படிந்துவிடும். முளை வைக்கோலில் மறைந்திருந்தாலும் தாள்கள் கிடக்கும் போக்கே அது எங்கே என்று காட்டிவிடும். பின்னணி மண்டலங்களின் நீட்சியும் அவ்வாறே கொத்தின் மையத்தைச் சுற்றி வரிசை கொள்கிறது. மையத்திலிருந்து எத்தனை தூரத்தில் எவ்வளவு நீட்சி என்று அளந்தால், அந்த எல்லைக்குள் எவ்வளவு நிறை என்று கணக்கிடலாம். டைசன் என்ற அமெரிக்கரும் அவருடைய தோழர்களும் 1990இல் ஏபெல் 1689 உள்ளிட்ட இரு கொத்துகளில் இந்த மெல்லிய வரிசையை முதன்முறையாக எடுத்துக் காட்டினர். வரிசையைக் கொண்டு நிறையின் படத்தையே வரையும் கணித வழியை 1993இல் கைசர், ஸ்குவயர்ஸ் என்ற இருவர் வகுத்தனர்.

இந்த முறையின் பெருமை யாது? கொத்தில் உள்ளது ஒளிர்கிறதா இருண்டதா, சூடா குளிரா, அமைதியா அலைகிறதா என்று அது கேட்பதில்லை. நிறை இருந்தால் ஒளி வளையும், அவ்வளவே.

ஆயினும் குறைகள் உண்டு. மாமா போன்றவருக்கு எழுதும்போது அவற்றை மறைத்தல் தகாது. நமது காற்றுமண்டலம் நடுங்கி, உருவங்களை வட்டமாகக் குழப்பும். தொலைநோக்கியும் தன் பங்குக்குச் சற்றே இழுத்துக் காட்டும். இதற்கு வானநூலார் கண்டிருக்கும் மாற்று அழகானது. அதே படத்தில் நம் பால்வீதியைச் சேர்ந்த விண்மீன்கள் சிலவும் விழுந்திருக்கும். அவை கொத்துக்கு முன்னால் இருப்பவை. கொத்து அவற்றை வளைக்க முடியாது. வெறும் புள்ளிகளாகவே தெரிய வேண்டியவை. அவை நீண்டு தெரிந்தால் குற்றம் கருவியுடையது. அந்த அளவைக் கழித்துவிடுகிறார்கள். அடுத்தது, எந்த மண்டலம் கொத்துக்குப் பின்னால் இருக்கிறது, எது கொத்திலேயே உள்ளது என்று பிரிக்கும் வேலை. நிறங்களை ஒப்பிட்டுத் தொலைவை மதிப்பிடுகிறார்கள். தவறினால் பாலில் நீர் கலந்தாற்போல் வரிசை நீர்த்து, நிறை குறைவாகத் தோன்றும். மூன்றாவது குறைதான் பெரிது. கொத்துக்கும் நமக்கும் இடையிலும், கொத்துக்குப் பின்னாலும் அதே நேர்கோட்டில் கிடக்கும் பொருளெல்லாம் கணக்கில் ஏறிவிடும். ஏலக்காயோடு சாக்கையும் சேர்த்து நிறுத்ததைப் போல. எனவே ஒரு கொத்தைத் தனியே எடுத்துக்கொண்டால் நூற்றுக்கு இருபது முப்பது முன்பின்னாக இருக்கலாம். பல கொத்துகளைச் சேர்த்துப் பார்க்கும்போதுதான் கோல் நிலைபெறுகிறது.

நிறுப்பதற்கு இன்னொரு தராசும் உண்டு. கொத்தின் மண்டலங்களுக்கிடையே பல கோடி பாகை வெப்பமுள்ள வாயு நிரம்பியிருக்கிறது. அஃது எக்ஸ்-கதிர்களை வீசுகிறது. அவ்வளவு சூடான வாயுவைப் பறந்துவிடாமல் பிடித்து வைக்க எவ்வளவு ஈர்ப்பு வேண்டும் என்று கணக்கிட்டு நிறையைச் சொல்லலாம். இவ்வேலையில் தலைசிறந்தது 1999 ஜூலையில் ஏவப்பட்ட சந்திரா விண் ஆய்வகம். சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயரைத் தாங்கியது. அவர் 1910இல் பிறந்தது லாகூரில். தந்தையார் அரசாங்கக் கணக்குத் துறையின் அலுவல் நிமித்தமாக அங்கே குடியிருந்தார். மாற்றல் உத்தரவோடு பெட்டி கட்டி, வேற்றூரில் பிள்ளைகளைப் பெற்று வளர்க்கும் நம்மவர்களுக்கு இக்கதை புதிதன்று.

2006இல் இரு தராசுகளையும் ஒரே கொத்தின்மேல் வைத்துப் பார்த்தனர். தென்வானில், ஏறக்குறைய 400 கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால், இரு கொத்துகள் மோதி ஒன்றையொன்று ஊடுருவிச் சென்றுள்ளன. தோட்டாக் கொத்து என்பது அதன் பெயர். மோதலில் வாயு வாயுவோடு முட்டி நடுவழியில் தேங்கிவிட்டதைச் சந்திராவின் படம் காட்டியது. மெல்வில்லைப் படமோ நிறையின் பெரும்பகுதி தேங்கிய வாயுவில் இல்லை, முன்னேறிச் சென்றுவிட்ட மண்டலங்களோடே இருக்கிறது என்று காட்டியது. கொத்தின் சாதாரணப் பொருளில் வாயுவே மிகுதி. விண்மீன்கள் சிறு பங்கு. அப்படியிருந்தும் நிறை வாயுவை விட்டு விலகி நிற்கிறதென்றால், முட்டாமல் மோதாமல் கடந்துபோன வேறொரு பொருள் உண்டு என்றாகிறது. ஸ்விக்கியின் ஊகத்துக்கு இதைவிடத் தெளிவான படம் கிடைத்ததில்லை.

இரு தராசுகளும் எப்போதும் ஒத்துப்போவதில்லை என்பதே பின்னர் எழுந்த தகராறு. எந்தெந்த நிறையில் எத்தனை கொத்துகள் என்பது பிரபஞ்சத்தின் குடிக்கணக்கு. தொடக்கக் காலத்து நுண்ணலைப் பின்னணியைக் கொண்டு முன்கூட்டிச் சொன்ன எண்ணிக்கையைவிடக் கொத்துகள் குறைவாகவே தென்படுகின்றன என்று பிளாங்க் விண்கலத்தார் 2013இல் அறிவித்தனர். பிரபஞ்சத்தைப் பற்றிய நம் கொள்கை பிழையா, அன்றி எக்ஸ்-கதிர் வழியாக வந்த நிறைகள் குறைவா? வாயு நிலையாக அமர்ந்திருக்கிறது என்று கொண்டு போட்ட கணக்கு அது. வாயுவோ அலைமோதிக் கொண்டிருக்கிறது. எனவே கணக்குக் குறைத்துக் காட்டியிருக்கலாம்.

இதைப் படித்தபோது மாமா நமக்குச் சிறுவயதில் சொன்ன ஒன்று நினைவுக்கு வந்தது. வீட்டுத் தராசில் 12 கிலோ நின்ற ஏலக்காய், ஒரு வியாபாரியின் தராசில் பதினொன்றரையாக நின்றதாம். "எது பொய் என்று வாய்ச்சண்டை போடாதே, மாப்பிள்ளை. முத்திரை வைத்த படிக்கல் ஒன்றை இரண்டிலும் வைத்துப் பார்" என்பார். வானநூலார் செய்ததும் அதுவே. மெல்வில்லையை அவர்கள் படிக்கல்லாகக் கொண்டனர். சில ஆய்வுகள் பழைய நிறைகள் மூன்றிலொரு பங்குவரை குறைவு என்றன; சில அவ்வளவு இல்லை என்றன. 2024இல், இரோசிட்டா என்ற எக்ஸ்-கதிர்த் தொலைநோக்கி கண்ட 5,000க்கு மேற்பட்ட கொத்துகளை மெல்வில்லைப் படிக்கல்லால் சரிபார்த்து எண்ணியபோது, விடை நுண்ணலைப் பின்னணியோடு பெரிதும் ஒத்துவந்தது. தகராறு முற்றும் தீர்ந்ததென்று சொல்ல எல்லோரும் உடன்படவில்லை. மேலும் கணக்குகள் வந்துகொண்டிருக்கின்றன.

இத்துறையில் முன்னணியில் நிற்கும் ஒருவர் வாளையாற்றுக்கு அந்தப்புறம், கோயம்புத்தூரில் பிறந்தவர்: பிரியம்வதா நடராஜன். டில்லியில் வளர்ந்து, இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் பெற்று, அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருக்கிறார். கொத்தை முழுதாக நிறுத்தால் மட்டும் போதாது, அதனுள் ஒவ்வொரு மண்டலமும் சுமக்கும் கரும்பொருளையும் தனித்தனியே நிறுக்க வேண்டும் என்று ழான்-பால் நீப் என்ற பிரெஞ்சுக்காரருடன் சேர்ந்து 1997இல் அதற்கு வழி வகுத்தார். மூட்டையை நிறுத்த பின்னர் உள்ளிருக்கும் காய்களை நிறுப்பது போன்ற வேலை. 2020இல் இத்தாலியரான மெனெகெட்டியும் அவரும் பிறரும் வெளியிட்ட முடிவு பலரைத் திகைக்க வைத்தது. கொத்துக்குள் இருக்கும் சிறு கரும்பொருள் திரட்சிகள், கணிப்பொறிக் கணக்குகள் எதிர்பார்த்ததைப்போல் ஏறத்தாழப் பத்து மடங்கு வன்மையான வில்லைகளாக இருக்கின்றன. கரும்பொருளைப் பற்றிய கருத்தே மாறவேண்டுமோ, அல்லது கணிப்பொறிக்குச் சொல்லிக் கொடுத்ததில் குறையோ என்று வாதம் நடந்து வருகிறது.

படிக்கல்லைத் திருத்தும் பணியும் நடக்கிறது. ஐரோப்பியரின் யூக்ளிட் விண்கலம் 2023 ஜூலையில் ஏவப்பட்டது. காற்றுமண்டலத்தின் நடுக்கம் அதற்கு இல்லை. சிலி நாட்டு மலையொன்றில் 8.4 மீட்டர் ஆடியுடன் அமைந்த ரூபின் ஆய்வகம் தன் முதற்படங்களை 2025 ஜூனில் வெளியிட்டது. முன்னர்ச் சொன்ன டைசன்தான் அதற்கு வித்திட்டவர்களுள் முதல்வர். 900 மண்டலங்களுக்கு ஏங்கிய காலம் போய், நூற்றுக்கணக்கான கோடி மண்டலங்களின் சாய்வை எழுதும் காலம் வந்திருக்கிறது.

மாமாவின் பதில் ஒரு வாரம் கழித்து வந்தது. களத்து முளை உவமை சரியாக இருக்கிறதாம். சாக்கின் எடையைக் கழிக்க இன்னும் வழி காணாதது பெருங்குறையாம். அந்தக் கோவைப் பெண் ஊருக்கு வரும்போது ஏலமலைக்கும் ஒருமுறை வருவாரா என்று விசாரித்திருக்கிறார். கடைசி வரியில், மழை பிடித்துவிட்டது, பதினைந்து நாளாக வானமே தெரியவில்லை, தை பிறந்ததும் வந்து சேர் என்று எழுதியிருந்தார்.